அச்சில் பதிந்த ஆண்டு

அந்த ஆண்டை நான் முதலில் விரலால்தான் படித்தேன். கினிகத்தேனைக் கடைத்தெருவில் ரேடியோ திருத்தும் அண்ணன் ஒருவரின் கடை. வெளியே, நண்பகலிலும் விளக்குப் போட வைக்கும் மழை. தகரப் பெட்டிக்குள்ளிருந்து அவர் எடுத்துத் தந்த விளையாட்டு வண்டியைக் கவிழ்த்துப் பிடித்து, காய்ந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். விரலுக்கடியில் எழுத்துகள் மேடிட்டு நின்றன. தமியா என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயர், அதையடுத்து 1984.

"அப்படி இருக்காதே சேர்," என்றார் அண்ணன். "எண்பத்து மூணு கலவரத்துக்கு முந்தியே அப்பா கொண்டாந்திட்டாரு."

அவருடைய தந்தை கொழும்பில் ஒரு வீட்டில் கார் ஓட்டியவர். அந்த வீட்டுப் பையன் விளையாடி அலுத்த வண்டியை ஊருக்கு வரும்போது எடுத்து வந்தார் என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. மலையகத்தில் ஒரு பொருளின் வயதைக் கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும்: கலவரத்துக்கு முந்தி, கலவரத்துக்குப் பிந்தி. தமிழர்கள்மேல் பாய்ந்த 1983 ஜூலைக் கலவரம் நினைவில் நாட்டிய எல்லைக்கல். ஆனால் அச்சில் 1984 என்று பதிந்த பொருள் 1983-க்கு முன் எந்த வீட்டுக்கும் வந்திருக்க முடியாது. வண்டி பிழையா, நினைவு பிழையா?

நான் வழக்கமாகப் பார்ப்பது தோட்டத்துச் செக்ரோல்களை. யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், எத்தனை பேருக்கு அன்று பெயர் போட்டார்கள் என்று பதிந்த பேரேடுகள் அவை. அந்த வேலை ஒரு பாடத்தைக் கற்றுத் தந்திருக்கிறது. படிவம் அச்சான ஆண்டு வேறு, அதில் மை விழுந்த ஆண்டு வேறு. மிஞ்சிப்போன பழைய படிவத்தில் பல ஆண்டு கழித்தும் கணக்கு எழுதுவார்கள். இந்த வண்டியிலும் அதே சிக்கல் இருக்கும் என்று அப்போதே தோன்றியது. எங்கே இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் சில வாரம் பிடித்தது.

வண்டியின் இனம் எளிதில் தெரிந்தது. இதைப் பகி என்பார்கள். கலிபோர்னியாவின் கடலோர மணல்மேடுகளில் ஓட்டுவதற்காக, வோக்ஸ்வேகன் பீட்டில் காரின் உடலைக் கழித்துவிட்டு இலேசான கூடு பொருத்திய வண்டிகளுக்கு 1960-களில் பரவிய பெயர். 1967-இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தில் பாலைவன ஓட்டப்பந்தயம் தொடங்கியதும் அந்தப் பெயர் உலகம் சுற்றியது. அந்த வண்டிகளைப் பத்தில் ஒன்றாகச் சுருக்கி, மின்மோட்டாரும் ரேடியோவும் வைத்து, மண்ணில் ஓடவிட்டவை இந்தச் சிறிய பகிகள்.

தமியா இருக்கும் ஊர் ஷிசுவோகா. அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குள் ஒரு சிறு குதூகலம், ஏனென்றால் ஜப்பானில் நெடுங்காலம் தேயிலைக்குப் பேர்போன மாநிலம் அதுதான். ஒரு தேயிலை நாட்டில் செய்த பொருள் இன்னொரு தேயிலை நாட்டில் வந்து மண் அப்பிக் கிடந்திருக்கிறது. யோஷியோ தமியா 1946-இல் அங்கே தொடங்கியது மர வியாபாரம். மரத்துண்டுகளில் கப்பல், விமானப் பொம்மைகள் செய்யத் தொடங்கி, 1960-இல் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். ரேடியோவில் ஓடும் முதல் கார், ஒரு போர்ஷே, 1976-இல் வந்தது. 1979-இல் ரஃப் ரைடர், சேண்ட் ஸ்கார்ச்சர் என்ற இரண்டு மண் வண்டிகள். அவை விலை கூடியவை, உலோகம் மிகுந்தவை. 1984-இல்தான் முதன்முதலாக வண்டி கட்டும் பிள்ளைகளுக்கென்று மலிவான ஒன்றை வெளியிட்டார்கள். பெயர் கிராஸ்ஹாப்பர், வெட்டுக்கிளி. பட்டியல் எண் 58043. அதே ஆண்டு, அதே அடித்தட்டின் மேல், கொஞ்சம் வேகமான இன்னொன்று: ஹார்னெட், குளவி. எண் 58045. தோட்டத்தில் குளவி என்பது விளையாட்டுச் சொல் அல்ல, கொழுந்து எடுப்பவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் சொல். அதனால்தானோ என்னவோ, இது வெட்டுக்கிளியாக இருக்கவேண்டும் என்று மனம் முதலிலேயே சாய்ந்தது. ஆய்வில் அப்படிச் சாய்வது ஆபத்து.

உடனே அதற்கு எதிரான சான்றும் கிடைத்தது. மோட்டாரைக் கழற்றி வேர்னியரால் அளந்தேன். விட்டம் 36 மில்லிமீட்டர். மபுச்சி நிறுவனத்தின் மோட்டார்களுக்கு உருவளவைக் குறிக்கும் எண்கள் உண்டு. வெட்டுக்கிளியுடன் வந்தது 380 என்ற சிறியது, ஏறக்குறைய 28 மில்லிமீட்டர். குளவியுடன் வந்தது 540, அதுதான் இந்த 36. அப்படியானால் இது குளவி. நோட்டில் அப்படியே எழுதிவிட்டேன்.

மறுநாள் பின்பக்க ஸ்பிரிங்குகளைப் பார்த்தபோது அந்த வரியை அடிக்க வேண்டியதாயிற்று. குளவியின் பின்பக்க அதிர்வுதாங்கிகளுக்குள் எண்ணெய் இருக்கும். வண்டி குதித்து விழுந்தால் எண்ணெய் சிறு துளை வழியே மெல்லக் கசிந்து துள்ளலை அடக்கும். இங்கே இருந்தவை வெறும் ஸ்பிரிங், எண்ணெய்க்கு இடமே இல்லை. மேல்கூடும் கடினமான பிளாஸ்டிக். குளவியின் கூடு மெல்லிய பாலிகார்பனேட், அழுத்தினால் வளையும். மூன்று சான்றில் இரண்டு வெட்டுக்கிளிக்கு, ஒன்று குளவிக்கு. வாக்கு எண்ணிக்கையால் தீர்ப்பு எழுதுவதில்லை. முரண்படும் சான்று ஏன் முரண்படுகிறது என்று சொல்ல முடிந்தால்தான் தீர்ப்பு. அந்தக் காரணம் தகரப் பெட்டியின் மூலையில், பழைய பிலிம் சுருள் டப்பிக்குள் கிடந்தது: ஒரு 380 மோட்டார். இரண்டு வண்டிக்கும் கியர்ப்பெட்டி ஒன்றே என்பதால் சிறியதைக் கழற்றிவிட்டுப் பெரியதைப் போடலாம். யாரோ போட்டிருக்கிறார்கள். கழற்றியதை எறியாமல் பத்திரப்படுத்தியும் வைத்திருக்கிறார்கள். அந்தக் கையை எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆக, வெட்டுக்கிளி. எந்தக் காலத்து வெட்டுக்கிளி என்பதில்தான் நான் முன்பே பயந்த சிக்கல் வந்து நின்றது. தமியா தன் பழைய பகிகளை இருபது முப்பது ஆண்டு கழித்து மறுபடியும் வெளியிட்டது. 2004-இல் குளவி, 2005-இல் வெட்டுக்கிளி, 2010-இல் சேண்ட் ஸ்கார்ச்சர். மறுவெளியீட்டு வெட்டுக்கிளியின் பட்டியல் எண் 58346. எண் மாறினாலும் வார்ப்பு அச்சு மாற வேண்டியதில்லை. உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி ஊற்றும் எஃகு அச்சில் ஒருமுறை செதுக்கிய ஆண்டு, அந்த அச்சிலிருந்து வரும் ஒவ்வொரு துண்டிலும் பதியும், இருபது ஆண்டு கழித்து ஊற்றினாலும். ஆகவே என் விரல் படித்த 1984 அச்சின் பிறந்த ஆண்டு. வண்டி அதற்கு முந்தியதல்ல என்று மட்டுமே அது சொல்கிறது. தொல்லியலாளர் இதைக் கீழெல்லை என்பார்கள். மேலெல்லை, அதாவது இதற்குப் பிந்தியதல்ல என்ற கோடு, இன்னும் கைக்கு வரவில்லை.

அட்டைப்பெட்டி இருந்திருந்தால் வேலை சுருங்கியிருக்கும். பட்டியல் எண்ணே போதும். தமியா 1994-இல் பிலிப்பீன்ஸில் ஆலை தொடங்கியது என்பதால், செய்த நாட்டின் பெயரும் உதவியிருக்கும். ஆனால் கினிகத்தேனையில் அட்டை பிழைப்பதில்லை. பக்கத்து வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நெருப்புப் பிடித்த சேனை என்று சிங்களத்தில் பொருள்படும் பெயரைக் கொண்ட ஊர், எந்தக் காகிதத்தையும் காயவிடாத ஊராக இருக்கிறது.

அடுத்து ரேடியோ. கையில் பிடிக்கும் பெட்டியிலும், வண்டிக்குள் இருந்த ரிசீவரிலும் ஆளுக்கொரு கிரிஸ்டல், அலைவெண்ணை நிலைநிறுத்தும் படிகம். 27 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஆறு தடங்கள் உண்டு. பழுப்பு, சிவப்பு, செம்மஞ்சள், மஞ்சள், பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். ஒரே நிறத்தில் இரண்டு பேர் ஓட்டினால் ஒருவர் கட்டளைக்கு இன்னொருவர் வண்டி திரும்பும். கைப்பெட்டியின் கிரிஸ்டலில் 27.145, அது மஞ்சள். ரிசீவரின் கிரிஸ்டலை உருவிப் பார்த்தேன். தகர மூடியில் 26.690.

இரண்டும் வெவ்வேறு செட்டிலிருந்து வந்தவை என்று முடிவு கட்டினேன். ரேடியோவைப் பிற்காலத்தில் யாரோ ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். அப்படியானால் ரேடியோவின் சாட்சியம் செல்லாது. இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் சாலிடர் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, பழைய பில்லின் பின்பக்கத்தில் கழித்தல் கணக்குப் போட்டார்.

"நானூத்தைம்பத்தஞ்சு வருது பாருங்க சேர். இது எல்லா ரேடியோவிலயும் இருக்கிறதுதானே."

27.145-இலிருந்து 26.690-ஐக் கழித்தால் 0.455. வந்து சேரும் அலையோடு ரிசீவர் தன் சொந்த அலையைக் கலந்து, வித்தியாசமாக மிஞ்சும் 455 கிலோஹெர்ட்ஸை மட்டும் பெருக்குகிறது. இதை இடைநிலை அலைவெண் என்பார்கள். சாதாரண மத்திய அலை ரேடியோவுக்குள்ளும் இதே 455 உண்டு. அண்ணன் நாற்பது ஆண்டாக ஸ்குருடிரைவரால் திருகிச் சரிசெய்துவரும் எண் அது. ஆக, நான் பொருந்தவில்லை என்று ஒதுக்கியவை ஒன்றுக்கொன்று சரியான ஜோடி. படிக்கத் தெரியாத மொழியில் இருந்த சான்றை நான் பொய்ச் சாட்சி என்று தள்ளியிருந்தேன். நோட்டில் இரண்டாவது அடித்தல்.

ரேடியோ பழைய ஜோடி என்பதால் வண்டியும் பழையதாகிவிடாது. மறுவெளியீட்டு வண்டிக்குள் பழைய ரேடியோவை மாட்ட யாராலும் முடியும். வண்டியின் உடம்பிலேயே, மாற்றமுடியாதபடி பதிந்த ஏதோ ஒன்று வேண்டியிருந்தது.

1980-களின் பகிகளில் வேகத்தை மாற்றுவது ஒரு பொறிமுறைக் கருவி. செர்வோ என்ற சிறு மோட்டார் ஒரு கையை அசைக்கும். கையின் நுனியில் உள்ள தகடு செம்புத் தொடுமுனைகளின் மேல் உரசி நகரும். மெதுவான வேகத்தில் மின்சாரம் ஒரு தடையத்தின் வழியே போகும். மிஞ்சும் ஆற்றல் அங்கே சூடாகித் தீரும். முழு வேகத்தில் தடையத்தை ஒதுக்கி நேரே மோட்டாருக்குப் போகும். மறுவெளியீட்டுக் காலத்தில் இந்த வேலையை எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி எடுத்துக்கொண்டது. அதற்கு அசையும் கை தேவையில்லை. ஆகவே இரண்டாவது செர்வோவும் தேவையில்லை. சுக்கான் திருப்ப ஒன்றே போதும்.

இந்த வண்டியில் செர்வோ இரண்டு. உரசும் தகடும் இருந்தது. அதன் தொடுமுனைகளை உருப்பெருக்கியில் பார்த்த அரைமணி நேரம்தான் இந்தத் தேடலில் எனக்கு மிகவும் பிடித்தது. மெதுவேகத் தொடுமுனை கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது. தடையத்தின் நிறம்கூடப் பெரிதாக மாறவில்லை. முழுவேகத் தொடுமுனை மட்டும் பொறி தெறித்துக் குழி விழுந்து, ஓரம் கறுத்திருந்தது. ஓட்டிய பிள்ளைக்கு நடுவேகம் என்ற ஒன்று இருக்கவில்லை. நின்றால் நின்றது, போனால் முழுவதும் போனது. செக்ரோலில் கைநாட்டைப் பார்க்கும்போது வரும் அதே நெருக்கம் அப்போது வந்தது.

இதையும் பின்னால் பொருத்தியிருக்கலாமே? கேள்வி சரியானது. விடை ஸ்குருத் துளைகளில் இருந்தது. இந்த வண்டிகளில் பிளாஸ்டிக் தூண்களில் இறங்கும் ஸ்குருக்கள், முதல்முறை முறுக்கும்போது தாமே மரை வெட்டிக்கொண்டு போகும் வகை. ஒருமுறையும் ஸ்குரு இறங்காத துளை உள்ளே வழவழவென்று இருக்கும். பலமுறை கழற்றிப் பூட்டிய துளையில் மரை தேய்ந்து அகன்றிருக்கும். செர்வோக்களைக் கழற்றி, எட்டுத் துளைகளிலும் விளக்கடித்துப் பார்த்தேன். சுக்கான் செர்வோவின் துளைகளும் வேகச் செர்வோவின் துளைகளும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. இரண்டும் சேர்ந்தே வாழ்ந்திருக்கின்றன. எலெக்ட்ரானிக் பெட்டியை வழக்கமாக இரட்டைப்பக்கப் பசைநாடாவால் ஒட்டுவார்கள். பல ஆண்டு கழித்தும் அந்த இடத்தில் தூசி பிடித்த சதுரம் மிஞ்சும். அடித்தட்டில் எங்கும் அப்படியொரு சதுரம் இல்லை. இல்லாமையைச் சான்றாக எடுத்துக்கொள்ள எனக்கு எப்போதும் தயக்கம்தான். என்றாலும் மரைகளோடு சேர்த்து நிறுத்தும்போது அதற்கும் எடை கூடியது.

கடைசிச் சான்று, கேட்காமலே கையில் விழுந்தது. வண்டியின் மூக்குக்குள் கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றிய ஒரு கட்டி. பிரித்தால் மூன்று இரண்டு ரூபாய் நாணயங்கள், மூன்றிலும் 1984. இலங்கை நாணயம் எதற்கு ஜப்பானிய வண்டியின் மூக்கில்? 540 மோட்டார் அந்த இலேசான வண்டிக்குக் கொஞ்சம் அதிகம். முழு விசையில் கிளம்பினால் முன்சக்கரங்கள் மண்ணைவிட்டு எழும்பும், எழும்பிய சக்கரம் திரும்பாது. மூக்கில் பாரம் வைத்தால் அடங்கும். மூன்றையும் தராசில் வைத்தேன், ஏறத்தாழ 25 கிராம். மோட்டாரை மாற்றிய அதே கை செய்த வைத்தியம் இது.

இன்னொரு 1984! ஒரு நிமிடம் எல்லாம் பொருந்திவிட்டது போலிருந்தது. நாணயத்தின் ஆண்டும் அச்சின் ஆண்டைப் போன்றதுதான் என்று பிறகு நினைவு வந்தது. 1984-இல் அடித்த நாணயம் அதன்பின் எத்தனையோ ஆண்டு கைமாறும். புதையல்களின் காலத்தை அவற்றிலுள்ள கடைசி நாணயத்தால் கணிப்பவர்களும் கீழெல்லையைத்தான் பெறுகிறார்கள். ஆனாலும் மூன்றும் ஒரே ஆண்டு என்பதைத் தள்ளிவிட மனமில்லை. காலம் போகப் போகச் சில்லறையில் வெவ்வேறு ஆண்டுகள் கலந்துவிடும். 2005-க்குப் பின் ஒருவர் சட்டைப்பையிலிருந்து எடுத்த மூன்று நாணயங்களும் 1984 ஆக அமைவது அரிது. நாணயம் இன்னும் புதுசாகப் புழங்கிய காலத்தில் எடுத்த சில்லறை என்று படிப்பதே இயல்பு. நிரூபணம் என்று சொல்லமாட்டேன், சாய்வு என்று சொல்லலாம்.

எல்லாவற்றையும் எடைபோட்டு என் முடிவை அண்ணனிடம் சொன்னேன். இது மறுவெளியீடு அல்ல, முதல் வெளியீட்டு வண்டி. 1984-இலோ அதற்குப் பின்னோ, 1980-கள் முடிவதற்குள் கட்டியது. கலவரத்துக்கு முந்தியது என்பது மட்டும் பொருந்தாது. அவர் வாதிக்கவில்லை. கடையின் மேல்தட்டைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு பழைய கேசட் ரேடியோ.

"அப்ப முந்தி வந்தது அதுதான் சேர். கலவரத்துக்கு ரெண்டு மாசம் முந்தி அப்பா அதைத்தான் கொண்டாந்தாரு. திரும்பிப் போகவேணாம்னு அம்மா அழுதாங்க. பிறகும் போனாரு. கார் அதுக்குப் பிறகு வந்தது."

இரண்டு பயணங்களை நினைவு ஒன்றாக மடித்து வைத்திருந்திருக்கிறது. தந்தை திரும்பி வந்தார் என்பதே அந்த வீட்டில் முக்கியமான செய்தி. எதைக் கொண்டு வந்தார் என்பது அதன்மேல் ஒட்டிக்கொண்ட விவரம். அவருடைய நினைவைப் பிழை என்று நோட்டில் எழுதவில்லை. "கலவரத்துக்கு முன்: கேசட் ரேடியோ. பின்: பகி" என்று எழுதினேன்.

மோட்டார் மாற்றியதும் நாணயம் வைத்ததும் யார் என்று அப்போதுதான் கேட்டேன். அவர்தான், பதினாறு பதினேழு வயதில். பெரட்டுக்களத்தில் ஓட்டுவாராம். பெரட்டு என்பது ஆங்கிலப் பரேட் தோட்டத்தில் திரிந்த வடிவம். விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துவிடும் இடம் பெரட்டுக்களம். பின்னேரம் அது வெறுமையாகக் கிடக்கும். நுவரெலியாவில் ஏப்ரல் தோறும் நடக்கும் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப்பந்தயம் 1934-இல் தொடங்கிய பழமையான ஒன்று. அப்பாவின் தோளிலிருந்து ஒருமுறை அதைப் பார்த்த பையனுக்கு, ஆயிரக்கணக்கான காலடிகள் இறுக்கிய அந்தக் களமே மகாகஸ்தோட்டை ஆகியிருக்கிறது.

வண்டியை ஓடவைத்துவிடுவது என்று இருவரும் தீர்மானித்தோம். பழைய நிக்கல்-காட்மியம் பெட்டரி வெள்ளைப் பொடி கக்கிச் செத்திருந்தது. இடதுபக்க முன்கை முறிந்திருந்தது. மறுவெளியீட்டுக்கென்று விற்கும் உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து வரவழைத்தோம். நாற்பது ஆண்டு வண்டியில் அது இம்மியும் பிசகாமல் பொருந்தியது. அச்சு ஒன்றே என்பதற்கு அதைவிட நல்ல சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை. முறிந்த கையில் ஏறிய ஸ்குருக்களின் தலை பிசிறடித்துக் கிடந்தது. ஜப்பானிய ஜே.ஐ.எஸ். அளவுத் தலைக்கு நம் கடைகளில் கிடைக்கும் பிலிப்ஸ் டிரைவர் சரியாக உட்காராது, வழுக்கித் தலையைத் தின்றுவிடும். அண்ணன் டிரைவரின் நுனியைச் சாணைக்கல்லில் ஒரு மயிரிழை தேய்த்துக்கொண்டு வேலையை முடித்தார்.

மழை விட்ட ஒரு ஞாயிறு பின்னேரம் பெரட்டுக்களத்துக்குப் போனோம். கைப்பெட்டியில் எட்டுப் புதிய பென்டோர்ச் பெட்டரி. விசையை அவர் மெதுவாகத் தள்ளுவார் என்று எதிர்பார்த்தேன். தள்ளவில்லை. ஒரே தள்ளு, முழுவேகத் தொடுமுனைக்கே போனது. முன்சக்கரங்கள் சற்றே எழும்பி, மூன்று நாணயங்களின் பாரத்தில் மறுபடி மண்ணைத் தொட்டன. வண்டி களத்தின் கடைசி வரை நேராகப் போய், ஓரக்கானுக்கு ஒரு சாண் முன்னால் திரும்பியது.

இருட்டும்வரை ஓட்டினோம். கடைக்குத் திரும்பியதும் மேல்கூட்டைக் கழற்றி, ஒரு துண்டுக் காகிதத்தில் பென்சிலால் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு அடித்தட்டில் ஒட்டினேன். இடது முன்கை: 2005 மறுவெளியீட்டின் உதிரி. பெட்டரி: புதியது. மோட்டார்: உரிமையாளர் மாற்றியது, பழையது டப்பியில். நாணயங்கள் மூன்று, இருந்த இடத்திலேயே. அதன்கீழ் அன்றைய தேதி. அண்ணன் அதை வாசித்துவிட்டு, பென்சிலை வாங்கி, தேதிக்குப் பக்கத்தில் தன் தந்தையின் பெயரை எழுதினார்.